அப்பன் சாத்துன கதவு

"அந்தத் தறுதல இந்த மேடையில ஏறுனான்னா, நாளையிலிருந்து நான் கோயில் படி மிதிக்க மாட்டேனுங்க. சொல்லிப்போட்டேன்!"

சென்னிமலை போட்ட சத்தத்தில், நோம்பித் திருவிழாவைப் பற்றிப் பேச மாரியம்மன் கோயில் வாசலில் கூடியிருந்த ஊரே திரும்பிப் பார்த்தது. அவர் திட்டியது பெற்ற மகன் ஜெயபிரகாஷை. அவன் தலையைக் குனிந்து நின்றான். அந்தக் குனிந்த தலையை அவனுடைய ஆள் ஒருவர் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

முட்டைக்குப் பேர்போன நாமக்கல் சீமையில், முட்டையைக் கையால்கூடத் தொடாத பஜனைக் குடும்பம் அது. அங்கே பிறந்துவிட்டு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர்களுக்குப் பாட்டுக் கட்டிப் பாடக் கிளம்பினான் ஜெயபிரகாஷ். அப்பா வீட்டைவிட்டுத் துரத்தினார். அன்றைக்கே அவன் எழுதிப் பாடிய 'அப்பன் சாத்துன கதவு' யூடியூபில் நாற்பது லட்சம் பேரை அழவைத்தது. அப்புறம் தாழ்ப்பாளுக்கு ஒரு பாட்டு, வாசப்படிக்கு ஒரு பாட்டு. சன்னல் ஒன்றுதான் பாக்கி.

"ஏனுங்கண்ணா, நோம்பிக்குப் பையன் பாட்டுத்தான் வேணும்னு சனம் பூராம் கேக்குது" என்று இழுத்தார் தர்மகர்த்தா சுப்பையன். "பேசாம ஆத்தாகிட்டயே பூக் கேட்டுப்போடலாமுங்க."

"தாராளமாக் கேளுங்க! ஆத்தா சரின்னுட்டா, நானே அவன் கையப் புடிச்சு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறனுங்க" என்று மீசையை முறுக்கினார் சென்னிமலை.

பூக் கேட்பது என்றால், ஓர் இலைப் பொட்டணத்தில் மல்லி, இன்னொன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. வழக்கு எந்த வீட்டுடையதோ, அந்த வீட்டுப் பெண்தான் பொட்டணம் கட்ட வேண்டும். எடுக்காத பொட்டணத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. அது அம்மனையே சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும்.

சென்னிமலையின் மனைவி வசந்தாமணி இரண்டையும் கட்டிக் கொண்டுவந்து வைத்தாள்.

'ஆத்தா, என்ற பையன் தலவாசல் வழியா ஊட்டுக்குள்ள வந்து ஆறு வருசமாச்சு. இன்னிக்கு வரோணும்' என்று வேண்டிக்கொண்டாள்.

பூசாரி சண்முகவேல் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். மல்லி!

மேளம் முழங்கியது. சென்னிமலைக்கு முகம் செத்துவிட்டது. ஜெயபிரகாஷுக்கு அதைவிட. "பாசத்தப் பாருங்க!" என்று சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. படம் பிடித்தவர்கூட அழுதுவிட்டார். சொன்ன சொல் தப்பாத சென்னிமலை, மகன் கையைப் பிடித்து, ஊர்வலமாக வீட்டுக்குக் கூட்டிவந்து, கதவைச் சாத்தினார்.

சாத்தியதும் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏ வசந்தாமணி! சுப்பையன் பூக் கேக்கச் சொல்லுவான், ரெண்டு பொட்டணத்துலயும் அரளியவே வெய்யின்னு நேத்தே படிச்சுப் படிச்சுச் சொன்னனா இல்லியா? மொத நாளு ஒண்ணுதான் நான் நெசமாத் திட்டுனது. அதுக்கப்பறம் ஆறு வருசமா இவன் பாட்டு ஓடோணும்னுதான தொண்டை கிழியக் கத்திட்டிருக்கறேன்!"

"போச்சும்மா! அப்பா திட்டலீன்னா இனி நான் எதை வெச்சு அழுது பாடறது?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தான் ஜெயபிரகாஷ்.

"பெத்த பையனுக்குத் திருட்டுத்தனமாக் கொல்லக்கதவு வழியாச் சோறு போட்டுப் போட்டு எனக்குச் சலிச்சுப்போச்சு சாமி. எந்திரிச்சு வந்து வாசல்ல உக்காந்து தின்னு" என்றாள் வசந்தாமணி.

சாத்திய கதவை விரியத் திறந்துவிட்டு, கோயிலிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்த எடுக்காத பொட்டணத்தைப் பிரித்து, அதிலும் இருந்த மல்லியைக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.