மூன்றாவது தடம்

தடம் போன வாரத்தைவிட இரண்டு விரல் அகலமாகியிருந்தது. அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, எதிரெதிரே இருந்த இரண்டு கதவுகளையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு கதவுக்குப் பின்னால், பிசியோதெரபி அறையில், அவள் கணவன் வேலை பார்த்தான். இன்னொரு கதவுக்குப் பின்னால் அந்த உணவு ஆலோசகி.

மருத்துவமனை வளாகத்துக்குத் தோட்டம் அமைக்கும் பொறுப்பு அவளுடைய நிறுவனத்துக்கு. செடிகளுக்கு ஒரு நிபுணர், குழாய்க்கும் வடிகாலுக்கும் ஒருவர், நடைபாதைகளுக்கு அவள். அலுவலகத்தில் செடிக்காரர், தண்ணிக்காரர், பாதைக்காரி என்று சொன்னால்தான் தெரியும்.

பாதைக்காரியின் வழியே தனி. காகிதத்தில் அழகாக ஒரு கோட்டைப் போட்டு, இதில்தான் நடக்க வேண்டும் என்று ஜனங்களை அதட்டும் ரகம் இல்லை அவள். முதலில் எங்கும் புல் போட்டு மூன்று மாதம் சும்மா விட்டுவிடுவாள். எங்கே கால் பட்டுப் புல் தேய்கிறதோ, அங்கேதான் கல் பதிப்பாள். மனிதர்களைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள், நடப்பது வேறாக இருக்கும், அதனால் கேட்காதே, புல்லைப் பார் என்பது அவள் கட்சி.

பேருந்து நிறுத்தத்திலிருந்து வெளிநோயாளிகள் பிரிவுக்கு ஒரு தடம். வார்டுகளிலிருந்து கேன்டீனுக்கு ஒன்று. இரண்டும் அவள் எதிர்பார்த்தவைதான்.

மூன்றாவதுதான் எதிர்பாராதது. அதை அவள் முதலில் கண்டபோது, தண்ணிக்காரர் அந்தப் பக்கம் குழாய் வேலையை முடித்து, மேலே புல் போட்டுப் பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. பிசியோதெரபி அறையின் பின்கதவிலிருந்து உணவு ஆலோசகியின் அறைவரை, நூல் பிடித்தாற்போல் மங்கலாக ஒரு கோடு. அதற்கு முந்தின நாள் கேன்டீனில் கணவனும் அந்த ஆலோசகியும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்ததை அவள் பார்த்திருந்தாள்.

வேறொருத்தியாக இருந்தால் வீட்டில் சண்டை போட்டிருப்பாள். பாதைக்காரி ஆதாரம் சேர்த்தாள். தினமும் காலையில் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுவரை நடந்து, பத்தடிக்கு ஒருமுறை குனிந்து அளந்து, குறிப்பேட்டில் எழுதினாள். சந்தேகம் வலுத்தபின் மதியமும் மாலையும் அளந்தாள். முதலில் ஒரு சாண்கூட இல்லாத கோடு, இரண்டு மாதத்தில் முழத்தைத் தொட்டுவிட்டது.

ஆள் மட்டும் அகப்படவில்லை. மரத்தின் பின்னால் கண்கொத்திப் பாம்பாக நின்று பார்த்தாள், ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அவள் வரும் நேரத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு நடக்கிறார்கள் என்று முடிவு கட்டினாள். எட்டு வருடம் ஒன்றாக வாழ்ந்தவனுக்கு இவ்வளவு கள்ளத்தனமா?

நேற்று மாலை குறிப்பேட்டை அவன் முன்னால் போட்டு, உடைத்துப் பேசிவிட்டாள். அந்தப் பின்கதவைத் தான் திறந்ததே இல்லை என்றான் அவன். புல் பொய் சொல்லாது என்றாள் அவள். அவன் வெகுநேரம் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"இத்தனை நாள் அளந்திருக்கியே, ஒரு நாள் என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

அவ்வளவுதான் சொன்னான். இரண்டு சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். அப்பா எங்கே என்று இரவெல்லாம் கேட்ட மகளிடம், வெளியூர் வேலை என்று மென்று விழுங்கினாள். இனி அவன் வந்தாலும் கதவைத் திறப்பதில்லை என்று காலையில் முடிவெடுத்துவிட்டாள்.

மாலைக்குள் பாதைகளின் இறுதி வரைபடம் போக வேண்டும். முதல் இரண்டு தடங்களையும் வரைந்தாள். மூன்றாவதற்குப் பென்சில் நகரவில்லை. தன் வீட்டை உடைத்த பாதைக்குத் தன் கையாலேயே கல் பதிப்பதா?

புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும் தோட்ட வேலையாள் சற்றுத் தள்ளி ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இந்தப் புல்வெளியில்தான் அவருக்கு வேலை. அவருக்குத் தெரியாமல் இங்கே ஒரு கால் பட முடியாது. இவ்வளவு நாள் வெட்கம் தடுத்தது, இனி என்ன வெட்கம் என்று அவரைக் கூப்பிட்டாள்.

"இந்தத் தடத்துல யார் நடக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் முகம் மாறியது. தலையைச் சொறிந்தார், பிசியோதெரபி அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

"பரவாயில்ல, சொல்லுங்க. யாரா இருந்தாலும் சரி."

"எதுக்கு மேடம், என் வேலைக்கு வினையாயிடும்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நான் பார்த்துக்கறேன்."

அவர் குழாயைக் கீழே வைத்தார். "குழாய் புதைச்ச இடம் மேடம் இது. மண்ணு கொஞ்சம் அமுங்கி, புல்லு கோடு மாதிரி வெளிறித் தெரிஞ்சுது. பத்து நாள் விட்டிருந்தா தானா பச்சை புடிச்சிருக்கும். அதுக்குள்ள தினமும் மேலயே நடந்தா எப்படிப் புடிக்கும்?"

"அதான் கேக்கறேன். நடந்தது யாரு?"

அவர் அவளுடைய கனத்த ஷூக்களைப் பார்த்தபடி தயங்கிச் சொன்னார்.

"நீங்க மட்டுந்தான், மேடம்."