ரெண்டு பேர் ஆபீசில் இருபத்தொரு போன்

“என்ட வாக்குக்கு இண்டைக்கு வெல இருவது லெச்சம், நுஸ்ரா. நாலு மணிக்குள்ள பேப்பர் சிங்கப்பூருக்குப் போகாட்டி அது இருவது சதமும் பெறாது.”

நஜாத் ஹாஜியார் கம்பியூட்டர் திரையை முறைத்தார். கடலட்டை ஏற்றுமதிக்கான பத்திரங்களும் படங்களும் காலையிலிருந்து நூற்றுக்கு மூன்று வீதத்திலேயே நின்றன. சிங்கப்பூர்க்காரன் வாட்ஸ்அப்பில் வெறும் கேள்விக்குறி ஒன்று அனுப்பியிருந்தான். அதுவும் நொண்டி நொண்டித்தான் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தது.

“வைஃபைப் பெட்டிய ஓப் பண்ணிப் போட்டியா?”

“ஆறு தரம்.”

“அலுமாரிக்கு மேல வெச்சுப் பாத்தியா?”

“அலுமாரியிலயும் வெச்சாச்சு, கதிரையிலயும் வெச்சாச்சு. இனி நான் தலையில தூக்கி வெச்சிட்டு நிக்கிறதுதான் மிச்சம், ஹாஜியார்.”

“லைன் வருமெண்டா அதையும் செய்.”

நுஸ்ரா திரையில் இன்னொரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். “கோளாறு பெட்டியில இல்ல. இந்தா பாருங்க, நம்மட வைஃபையில இருபத்தொண்டு தொங்குது. உங்கட போன், என்ட போன், இந்தக் கம்பியூட்டர். நம்மட மூண்டுதான்.”

“மத்தப் பதினெட்டும் ஜின்னுடயா?”

“ஜின் தவணைக்குப் போன் வாங்காது, ஹாஜியார். பாஸ்வேர்ட் யாருக்கோ போய்ச் சேருது.”

அந்த வாரத்தில் மூன்று முறை பாஸ்வேர்ட் மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஹாஜியாரே இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் எடுத்து, வயிறாற ஏசி, புதியதை மாற்றச் சொல்வார். கொஞ்ச நேரம் இன்டர்நெட் பறக்கும். அஸருக்குப் பாங்கு சொல்வதற்குள் மறுபடி தவழும்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடை யூட் இரண்டு பிளேன்டீயை மேசையில் வைத்துவிட்டு ஓட்டமாய்த் திரும்பினான்.

“என்ன யூட், நிக்காம போறாய்?”

“கடையில சனம், ஹாஜியார்.”

“ஒனக்கென்ன, தண்ணி கொதிச்சாப் போதும். இன்டர்நெட்டும் தேவயில்ல, கரச்சலும் இல்ல.”

யூட் போனதும் ஹாஜியார் நுஸ்ராவின் பக்கம் திரும்பினார். “மூணு தரம் மாத்தினோம். மூணு தரமும் தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. நான் வெளிய செல்லல்ல.”

நுஸ்ராவின் விரல்கள் கீபோட்டில் நின்றன. “அப்ப நான் சென்னனா?”

“நான் செல்லல்ல மகள், கணக்குச் செல்லுது. இந்த இன்வொய்ஸ சந்தியில போட்டோ கொப்பி எடுத்திட்டு ஆறுதலா வா. இந்தத் தரம் பாஸ்வேர்ட் எனக்கு மட்டுந்தான். அதுக்குப் பொறகும் லைன் இழுத்தா, கம்பெனிட பிழ. இழுக்காட்டி...” அவர் மேசையைத் தட்டிக் காட்டினார். “ஆபீஸ் திறப்ப மேசையில வெச்சிட்டு ஊட்டுக்குப் போ.”

“எது நடந்தாலும் பிழ உங்கடதில்ல. நல்ல கணக்கு.”

அவள் ஸ்கூட்டியை உதைத்துக் கிளப்பினாள். வேலை போனால் இன்னொன்று தேடலாம். ‘பாஸ்வேர்ட் வித்தவள்’ என்ற பேரோடு இந்த ஊரில் யாரிடம் போய் வேலை கேட்பது?

ஹாஜியார் கதவைத் தாழிட்டார். காற்றுக்காக ஜன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போன் எடுத்தார்.

“ஸேர், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. எனக்குத் தெளிவாக் கேட்குது,” என்றது கொழும்பிலிருந்து ஒரு பெண் குரல்.

“என்ட லைன நம்ப ஏலாது, மகள். ஒரு தரந்தான் செல்லுவன், எழுதிக்கொள்ளு. இது ரகசியம்.”

மனைவியின் பெயரையே தேர்ந்தெடுத்திருந்தார். அந்நிய ஆண்களின் வாயில் வரத் தேவையில்லாத பெயர். அதைவிடப் பத்திரமான பூட்டு எங்கே இருக்கிறது?

“கே... ஏ... எம்... ஏ...” இளம் வயதில் கடற்கரையில் மீன் ஏலம் கூறிய தொண்டை. ஒவ்வொரு எழுத்தையும் ஒரு கூடை மீனைப்போலத் தூக்கிக் காட்டியது. “ஆர்... ஐ... வை... ஏ...” கடைசி இரண்டு இலக்கங்களுக்கு வந்தபோது உப்பு லொறியொன்று ஜன்னல் அதிரக் கடந்து போனது. போனை வாயோடு ஒட்டிவைத்துச் சொல்லி முடித்தார்.

நுஸ்ரா திரும்பி வந்தபோது நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. சிங்கப்பூர்க்காரன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தான்.

“எல்லாம் போய்ட்டுது,” என்றார் ஹாஜியார். குரலில் சந்தோஷம் இல்லை. “இப்ப லைன்ல எத்தின தொங்குதெண்டு பாரு.”

அவள் பார்த்தாள். “ரெண்டு. உங்கட போனும் கம்பியூட்டரும்.”

சொல்லும்போதே, தனக்கான தீர்ப்பைத் தானே வாசிப்பது அவளுக்குப் புரிந்தது.

“ஒன்ட வாப்பாட மொகத்துக்காக நான் ஏச மாட்டன்,” என்று ஹாஜியார் கையை நீட்டினார்.

  நுஸ்ரா பையைத் துழாவி, ஆபீஸ் பூட்டின் திறப்பை எடுத்து மேசையில் வைத்தாள்.

வெறும் கோப்பைகளை எடுக்க வந்த யூட், எடுத்தபின்னும் போகாமல் தலையைச் சொறிந்தான்.

“கோவிக்க வேணாம், ஹாஜியார். கடையில பெடியன்கள் என்னைப் பிச்சுத் தின்னுறாங்கள். நேத்தும் முந்தநாளும் நீங்க போனில சொன்னது சுவருக்கு அங்கால தெளிவாக் கேட்டுது. இண்டைக்கும் ‘கமறியா’ வரைக்கும் சரியா எழுதிட்டாங்கள். அதுக்குப் பொறகு அந்த நாசமாப் போன லொறி வந்திட்டு.”

நுஸ்ரா ஒரு விரலால் திறப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஹாஜியார் யூட்டையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவருக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, யூட் கணக்கைப் பொறுமையாகச் சொன்னான்.

“பத்தில எட்டு வந்து சேந்திட்டுது, ஹாஜியார். ரெண்டுதான் பாக்கி.”