பழைய வண்டி

புது பிரேக் பேடு உள்ளே நுழையவில்லை. காலிப்பரில் பேடை அழுத்தும் பிஸ்டன், அவன் எவ்வளவு நெம்பியும் பின்னால் நகராமல் அடம்பிடித்தது.

"உங்கப்பா என் தலையில கட்டின வண்டியாச்சே! வேற எப்படி இருக்கும்?"

ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த மனைவி, "ஏங்க, ஒண்ணு கேக்கவா?" என்றாள்.

"ஒண்ணும் கேக்க வேணாம். வண்டி உருளாம பிடி, போதும்."

சத்தம் கேட்டு மாடியிலிருந்து மாமனார் இறங்கி வந்தார். மகளின் கையைப் பார்த்தார்.

"பிரேக்கை விடும்மா. நீ அழுத்தினா அது எப்படி உள்ளே போகும்?"

"விடவே கூடாதுன்னு இவர்தாம்ப்பா சொன்னாரு."

விட்டாள். விரல்கள் சிவந்திருந்தன. பிஸ்டன் அவன் கட்டைவிரலுக்கே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

அவன் தலை நிமிரவில்லை.

மாமனார் தோளைத் தட்டினார். "வண்டி பழசு மாப்ளே. நான்தான் புதுசா வாங்கிக் குடுத்திருக்கணும்."