மந்தைவெளியில் திரிந்த பால்

பால் திரிந்துவிட்டது.

பொங்கி வழிய வேண்டிய புதுப் பாத்திரத்தில், கட்டி கட்டியாக மிதந்தது.

மந்தைவெளியில், வாடகைக்குப் பார்த்த வீட்டின் காலிச் சமையலறை. "பால் பொங்கினால்தான் வீட்டைப் பேசி முடிப்பேன்" என்று தரகர் நந்தகுமாரிடம் முன்னமே சொல்லியிருந்தான் பரத்வாஜ்.

"அபசகுனம்டா. இந்த வீடு நமக்கு வேண்டாம்," என்றாள் அவன் அம்மா சூடாமணி, கண்ணை மூடிக் கைகூப்பியபடி.

"உனக்காகத்தானேம்மா பார்த்தேன்! கபாலி கோயிலுக்கு நடந்தே போகலாமே."

நந்தகுமார் பதறினார். "இன்னா சார், பால் பாக்கெட்டு பழசு! வீடு இன்னா பண்ணும்?"

அப்பா ராஜகோபாலன் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். சாம்பிராணிப் புகையை விசிறி விலக்கிவிட்டுப் பாத்திரத்துக்குள் மூக்கை விட்டார்.

"அசிட்டிக் அமிலம்!" என்றார், பேரன் பிறந்த சேதி சொல்வதுபோல.

"அப்படின்னா?"

"வினிகர்டா. ஊறுகாயைக் கெடாம காப்பாத்தும். குழாயில படிஞ்ச உப்பைக் கரைக்கும். பாலைத் திரிச்சுடும். யாரோ ஊத்தியிருக்கா."

எல்லார் பார்வையும் மருமகள் மாளவிகா மேல் திரும்பியது. குழாய்க் கறையைத் தேய்க்க வினிகரும் ஆப்ப சோடாவும் கொண்டுவந்தவள் அவள். பாலை அடுப்பில் வைத்தவளும் அவள்.

பரத்வாஜுக்கு முகம் சிவந்தது. "வேணும்னே பண்ணியிருக்கே. கொட்டிவாக்கத்தை விட்டு வர உனக்கு இஷ்டமில்லை. இங்கேருந்து சிறுசேரி ஆபீஸ் தூரம், தூரம்னு மாசக்கணக்கா புலம்பிண்டுதானே இருந்தே?"

"சத்தியமா நான் இல்லை," என்றாள் மாளவிகா. "அம்மாவுக்காகன்னு நீங்க சொன்னப்புறம் சரின்னுட்டேனே..."

"சண்டை போடாதேங்கோ. நான் நிரூபிச்சுடறேன்." ராஜகோபாலன் வேட்டியை மடித்துக் கட்டினார். "அமிலம்னா சோடாவோட சேர்ந்தா வாயு வரணும்."

ஆப்ப சோடாவை ஒரு கை அள்ளிப் பாத்திரத்தில் போட்டார்.

புஸ்ஸென்று நுரை எழுந்தது. விளிம்பைத் தாண்டியது. மேடையில் வழிந்து, கீழே போட்டிருந்த கோலத்தையும் நனைத்தது.

"கார்பன் டை ஆக்சைடு!" என்று கத்தினார் ராஜகோபாலன்.

"பால் பொங்கிடுச்சி சார்!" அதைவிடச் சத்தமாகக் கத்தினார் நந்தகுமார். "கிழக்கால பொங்கிகினு கீது பாருங்க! வூடு உங்களுக்குத்தான்!"

பரத்வாஜ் எட்டிப் பார்த்தான். கிழக்குதான். கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"நீ கெடுக்கப் பார்த்தாலும் சுவாமி கொடுத்துட்டார்," என்று மனைவியிடம் உறுமிவிட்டு, "சாவியைக் கொடுங்கோ நந்தகுமார்," என்று கையை நீட்டினான்.

"இருடா." சூடாமணி கூப்பிய கையை இறக்கினாள். "அவளை ஒண்ணும் சொல்லாதே. ஊத்தினது நான்."

மேடையில் வழிந்த நுரை சொய்யென்று அடங்கிக்கொண்டிருந்தது.

"நீயா? இந்த வீடே உனக்காகத்தானேம்மா!"

"நான் எப்போடா கேட்டேன்? என்னிக்கோ ஒருநாள் பஸ் ஏறி வந்தாலும் கபாலி என்னைப் பார்க்க மாட்டேன்னா சொல்லப்போறார்? இவ தினம் அவ்வளவு தூரம் இடிபட்டுண்டு போயிட்டு வரணுமா?"

"அதை வாயால சொல்றதுக்கென்ன? சுவாமி காரியத்துல போய் வினிகரை ஊத்துவியா?"

"பொண்டாட்டி மாசக்கணக்கா சொன்னதை நீ காதுல வாங்கலை. பால் சொன்னாலாவது கேப்பியோன்னு பார்த்தேன்."