நீலப் பட்டை வாட்ச்

இரண்டு கையிலும் வாட்ச் வாட்ச்சாகக் கட்டிக்கொண்டு, அந்த அம்மாள் கடையின் மாடிப்படியில் மறுபடியும் ஏறி இறங்கினார். காலில் சாதாரண ரப்பர் செருப்பு. நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் வழிந்தது.

"போதும்மா, உக்காருங்க. வாட்ச் வாங்க வந்த இடத்துல மயக்கம் போட்டு விழுந்துடப் போறீங்க" என்றார் விற்பனையாளர்.

"எனக்கு ஒண்ணும் ஆகாது சார். நாலுலயும் எவ்வளவு கலோரி காட்டுதுன்னு பாருங்க."

விற்பனையாளருக்குக் கடையில் 'உண்மைவிளம்பி' என்று பெயர். பொருளில் குறை இருந்தால் வாங்க வந்தவரிடமே போட்டு உடைத்துவிடுவார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டாலும், வருகிறவர்கள் அவரைத் தேடித்தான் வந்தார்கள். அதனால் வேலை பிழைத்துக் கிடந்தது.

அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அந்த அம்மாளின் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"சிவப்புல அம்பது. கறுப்புல அம்பத்தஞ்சு. சாம்பல்ல அறுபது. இந்த நீலப் பட்டை மட்டும் தொண்ணூறுக்கு மேல காட்டுது. சும்மா அடிச்சு விடுதும்மா இது."

"அப்ப நீலத்தையே குடுங்க."

"அவசரப்படாதீங்க. கையில கட்டற எதுவும் ஒரு குத்துமதிப்புதான். அதுல கறுப்பு கொஞ்சம் ஒழுங்கு. இன்னும் நம்பிக்கையா வேணும்னா நெஞ்சில கட்டற பட்டை இருக்கு, இதயத் துடிப்பைப் பிசகாம எடுக்கும்."

"எனக்கு ஒழுங்கா வேணாம் சார். நீலத்துல ஆளோட எடையை நாமதானே போடணும்? அதைக் கொஞ்சம் கூட்டிப் போட்டா, இன்னும் அதிகமாக் காட்டுமா?"

"காட்டும்."

"கூட்டிப் போட்டிருக்கோம்னு கட்டிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுடுமா?"

உண்மைவிளம்பிக்குச் சுருக்கென்றது. போன மாதம்தான் ஒருவர், வாட்ச்சை நாயின் காலில் கட்டி ஓடவிட்டு, அலுவலகப் போட்டியில் பரிசு வாங்கியதை இதே மேசைக்கு முன்னால் நின்று பெருமையடித்துவிட்டுப் போனார். அந்த வரிசையில் இன்னொரு ஆள் என்று நினைத்துக்கொண்டார்.

"யாருக்கும்மா இது?"

"பொண்ணுக்கு. பழைய வாட்ச்சை நான்தான் கொதிக்கிற தண்ணியில போட்டுட்டேன்."

"அடடா. கை தவறியா?"

அந்த அம்மாள் நீல வாட்ச்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அது போனதுலேருந்து கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்திருக்கா. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அவ கையில ஒரு வாட்ச் இருந்தாகணும் சார்" என்றார்.

ஒரு வாட்ச்சுக்கு இந்த ஆர்ப்பாட்டமா? நன்றாகச் செல்லம் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள் என்று விற்பனையாளருக்கு எரிச்சலாக வந்தது. பள்ளிக்கூடத்தில் ஏதோ போட்டி வைத்திருப்பார்கள். பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்று தாய் கள்ளக் கணக்குக்கு அலைகிறாள்.

"சரி, மணிக்கட்டு எவ்வளவு இருக்கும்? பட்டையைச் சரிபண்ணித் தரேன்."

அந்த அம்மாள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வட்டம் காட்டினார். பிறகு யோசித்து, அதை இன்னும் கொஞ்சம் சுருக்கினார்.

பட்டையின் கடைசித் துளையே போதவில்லை. அதற்கும் உள்ளே தள்ளி இன்னொரு துளை போட வேண்டியிருந்தது. பாவம், ரொம்பப் பொடிசு போலிருக்கிறது. துளை போடும் கருவியை எடுத்து அழுத்தினார். ஆனால் மனசு கேட்கவில்லை.

"அம்மா, வியாபாரம் கெட்டாலும் சொல்லிடறேன். பிள்ளைங்க இதை அப்படியே நம்பும். இவ்வளவு எரிச்சுட்டோமேன்னு அதுக்குத் தகுந்த மாதிரி சாப்பிட்டா, தேவைக்கு மேல போயிடும். உடம்பு ஏறிடும். அப்புறம் வந்து என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

அந்த அம்மாள் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏறுமா? நிச்சயமா ஏறுமா சார்?"

விற்பனையாளருக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னம்மா பேசறீங்க? ஒரு போட்டியில ஜெயிக்கிறதுக்காக, சின்னப் பிள்ளை உடம்பைக் கெடுப்பாங்களா யாராவது?"

"போட்டியெல்லாம் இல்லைங்க. சின்னப் பிள்ளையும் இல்லை. இருபது வயசு."

விற்பனையாளர் கையிலிருந்த பட்டையைப் பார்த்தார். புதுத் துளையில் மாட்டிய அந்த வளையத்துக்குள் அவருடைய மூன்று விரல்கள்தான் நுழைந்தன.

"டாக்டர் அடுத்த வாரம்தான் பார்க்கிறேன்னு சொல்லியிருக்கார். அதுவரைக்கும் தாங்கணுமே சார். வாட்ச் இல்லாட்டி சாப்பிடுவான்னு நெனச்சுத்தான் அதைக் கொதிக்க வெச்சேன். தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்கிறா."

உண்மைவிளம்பி துளை போடும் கருவியைக் கீழே வைத்தார். நீல வாட்ச்சை எடுத்து, எடை போடும் இடத்தைத் திறந்து, அந்த அம்மாளின் பக்கம் திருப்பி வைத்தார்.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அது எவ்வளவு எரிஞ்சதுன்னு காட்டுதோ, அவ்வளவுதான் சார் அவ சாப்பிடுவா."