ஒரே அட்டையின் மூன்று பிரதிகள்

அன்று அலமாரியில் மூவர் இருந்தார்கள்: ராமபாணப் பூச்சி, அவரைப் பார்க்க வந்த கரப்பான், சுவரோரம் ஒரு பல்லி.

பறக்கும் வீரனின் பழைய காமிக்ஸ் ஒன்றை ராமபாணம் மூன்று பிரதிகள் சேர்த்திருந்தார். பசித்தால் உள்தாளைத் தின்பார், அட்டையைத் தொடமாட்டார்.

"இந்த முஷ்டியைப் பாருங்க தம்பி, தாளை விட்டே வெளியில வருது! வரைஞ்சவர் கையெழுத்தைப் பூட்ஸுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கார். உலகத்திலேயே மூணுதான் இருக்கு."

"ரெண்டுதான் இருந்தா இன்னும் அபூர்வம் இல்லையாண்ணே?"

பல்லி கத்தியது.

"பாத்தீங்களா, பல்லியே சொல்லிடுச்சு!" என்று கரப்பான் ஓர் அட்டையைத் தின்றது.

பல்லி சொன்னால் நிஜமாகத்தானே இருக்கும்? இது லாபமா நட்டமா என்று ராமபாணத்துக்குப் பிடிபடவில்லை. அதற்குள் பல்லி மறுபடி கத்த, அடுத்த அட்டையும் போனது. அச்சில் சிவப்பு மை கோட்டைத் தாண்டி வழிந்த அட்டை அது. அவருக்கு உயிர்.

"பல்லியாரே, நிஜமாத்தான் சொன்னீங்களா?"

"நான் எங்கே சொன்னேன்? தொண்டையில கொசு சிக்கிருச்சு."

கரப்பான் மீசையைத் துடைத்தது. "கொடுத்து வச்சவர்ணே நீங்க! இனி இதுக்கு உலகத்துலேயே ஜோடி கிடையாது."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ராமபாணம் மெல்ல எண்ணிப் பார்த்தார்.

ஒன்று.