பதினேழாம் எண்

"சார், பதினேழாம் நம்பர் இனிமே ரத்தம் கொடுக்க வரமாட்டாங்களாம். இன்னைக்கே கையெழுத்துப் போட்டு விலகிக்கறாங்களாம்."

தொலைபேசியில் கீழ்த்தளத்து நர்ஸ் இப்படிச் சொன்னதும், பேராசிரியர் கையிலிருந்த கண்ணாடிக் குழாயைப் பத்திரமாகக் கீழே வைத்தார்.

"விலகறாங்களா? யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்க வேணாம் சார். எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்னு நீங்க எழுதின படிவத்துலயே போட்டிருக்கு!"

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'வெடிகுண்டு'. வழக்கமாக இந்நேரம் வெடித்திருப்பார். இன்று திரி நனைந்து போயிருந்தது.

எல்லோருடைய தோலுக்கடியிலும் மாஸ்ட் செல் என்றொரு காவல்காரன் உண்டு. துளி மகரந்தம் பட்டால் போதும், திருடன் வந்துவிட்டான் என்று கூப்பாடு போட்டு ஊரையே கூட்டிவிடுவான். அரிப்பு, வீக்கம், சிலருக்கு மூச்சே அடைத்துக்கொள்ளும். பதினேழின் ரத்தத்திலிருந்து வளர்த்த செல்கள் மட்டும் எதைக் கொண்டு சீண்டினாலும் வெடிக்கவில்லை. அந்தப் பொறுமை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், மூச்சுத் திணறுகிறவர்களுக்கு ஒரு மருந்து கிடைக்கும். ஆறு வருடம் தேடி, விடைக்குப் பக்கத்தில் வந்தாயிற்று. கடைசிச் சோதனையை மறுபடி செய்து பார்க்க இன்னும் ஒரே ஒரு தடவை ரத்தம் வேண்டும். இல்லையென்றால் அத்தனையும் பாதிக் கிணறு.

செல்கள் வளர எட்டு வாரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமைகூட வந்து அவற்றுக்குத் தீனி மாற்றுவார். வீட்டில் அவருக்காகக் காத்திருக்க யாரும் இல்லை. மனைவி இறந்த வருடமே மகளும் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். அன்றைக்கும் முதலில் வெடித்தவர் அவர்தான். அதன் பிறகு பேச்சுத் துணை செல்கள் வளரும் இந்தத் தட்டுகள்தான். "என்ன சார் பதினேழு, நல்லாத் தூங்கினீங்களா?" என்று காலையில் விசாரிப்பார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், தடித்த கண்ணாடி, மடித்து விட்ட முழுக்கைச் சட்டை என்று பதினேழுக்கு அவராகவே ஓர் உருவமும் கொடுத்திருந்தார்.

"இரும்மா, நானே கீழ வந்து கேக்கறேன்."

"ஐயையோ, வேணாம் சார்! ரத்தம் கொடுக்கறவங்க யாருன்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு, போன மாசம் ஒரு டாக்டரை நாலு மாடியும் கேக்குற மாதிரி திட்டினது யாராம்?"

அவர்தான்.

"சரி, நீயே கேளு. ஏன் நிறுத்தறாங்களாம்?"

அந்தப் பக்கம் முணுமுணுப்புக் கேட்டது.

"வேலை மாறித் தொலைவாப் போறாங்களாம் சார். இத்தனை நாள் இங்க வந்தும் ஒண்ணும் நடக்கலைங்கறாங்க."

"ஒண்ணும் நடக்கலையா? நல்லாயிருக்கே! முப்பது வருஷத்துல இப்படி ஒரு செல்லை நான் பார்த்ததே இல்லைன்னு சொல்லு. என்ன சீண்டினாலும் கோபமே வராத செல்லுன்னு சொல்லு."

மறுபடியும் முணுமுணுப்பு.

"சிரிக்கறாங்க சார். செல்லுக்கு இருக்கற பொறுமை தனக்கு இல்லாமப் போச்சேங்கறாங்க."

"எனக்கும்தான் இல்லைன்னு சொல்லு."

"அதை நீங்க சொல்லித்தான் தெரியணுமாக்கும்!" என்றாள் நர்ஸ்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இதை நான் சொன்னதாவே சொல்லும்மா. ஒரு நாள்ல நான் மனசு விட்டுப் பேசறது அவங்ககிட்ட மட்டும்தான். அவங்களும் போயிட்டா, காலையில கதவைத் திறக்கறதுக்கும் சாயங்காலம் பூட்டறதுக்கும்தான் நான் இங்க வரணும்."

நர்ஸின் குரலில் இருந்த கேலி காணாமல் போயிற்று. "அப்படியே சொல்லட்டுமா சார்?"

"அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை விடாதே."

இந்தத் தடவை முணுமுணுப்பு இல்லை. நர்ஸ் சொல்லி முடித்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"என்னம்மா, மாட்டேங்கறாங்களா?"

"கொடுக்கறேங்கறாங்க சார். கண்ணைத் துடைச்சுக்கிட்டே சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டாங்க. ஆனா ஊசின்னா சின்ன வயசுலேர்ந்தே பயமாம். ஆறு வருஷமாப் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் கொடுத்தாங்களாம். இன்னைக்கு மட்டும் அவங்க அப்பா இறங்கி வந்து கையைப் பிடிச்சுக்கணுமாம்... மேலதான் இருக்காராமே, யாரு சார் அது?"